விதி உங்களிடம், ஏணி எங்களிடமா? சிறிய விமானங்களில் படியும் பனி குறித்து கனடா போக்குவரத்து அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போக்குவரத்து அமைச்சில் விமானப் பாதுகாப்பைக் கவனிப்பவர்களுக்கும், வடக்கே சிறிய விமான நிலையங்களை நடத்தும் மாகாண அரசுகளுக்கும், குளிர்காலத்திலும் பறக்கக் கற்றுக்கொடுக்கும் கழகங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியாக வந்து சேரும். தமிழிலும் பொதுவில் போடக் காரணம் உண்டு. ரொறன்ரோவைச் சுற்றி மார்க்கம், ஸ்காபரோ பக்கத்தில் நம்முடைய பிள்ளைகளும் பறக்கப் பழகுகிறார்கள், காசைக் கட்டிய தாய் தகப்பனோ மிச்சத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

நான் பெரிய ஆள் இல்லை. ஒன்ராறியோவில் நாலு இருக்கைச் செஸ்னா ஒன்றில் பங்கு வைத்திருக்கிறேன், பிழைப்பு வேறு. ஆனால் குளிர்கால விடியற்காலைகளில் கையுறையைக் கழற்றி இறக்கையைத் தடவிப் பார்க்கும் ஆட்களில் ஒருவன் என்பதால் இதைப் பற்றிக் கதைக்க எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கனேடிய விமானப் போக்குவரத்து விதிகளில் 602.11 என்று ஒன்று இருக்கிறது. விமானத்தின் முக்கியப் பரப்புகளில் உறைபனியோ பனிக்கட்டியோ ஸ்னோவோ ஒட்டியிருந்தால் எழும்பக்கூடாது, எழும்ப முயலவும் கூடாது. முக்கியப் பரப்பு என்றால் இறக்கை, வால், கட்டுப்பாட்டுப் பரப்புகள், புரொப்பெல்லர், எஞ்சின் பின்னால் இருக்கிற வகையென்றால் உடலின் மேற்பக்கமும். இறக்கையின் அடிப்பக்கத்தில் குளிர்ந்த எரிபொருளால் படியும் உறைபனிக்கு மட்டும் ஒரு சின்ன விலக்கு. நல்ல விதி, அதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். என் சண்டை அந்த விதியோடு இல்லை. அதை எழுதிவிட்டு, அதன்படி நடக்கத் தேவையான ஏணி, வெளிச்சம், சூடான திரவம், கூரை எல்லாவற்றையும் விமானியின் தலையில் போட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொண்டீர்களே, அதோடுதான்.

முதலில் ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பவர்களுக்காக. இறக்கையில் பனி ஏறினால் பாரம் கூடும், அதனால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். பாரம் இரண்டாம் பட்சம். இறக்கையின் மேல்பக்கம் வழுவழுப்பாக இருந்தால்தான் காற்று அதை ஒட்டி ஓடும். சொரசொரப்பு வந்ததும் காற்று முன்கூட்டியே பிய்த்துக்கொண்டு போய்விடும், தூக்கும் விசை திடீரென்று விழுந்துவிடும். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை விமானிகளுக்கு விடுத்த எச்சரிக்கை ஒன்றில் சொன்னது இது: சமையல் உப்பின் ஒரு கல் அளவு உறைபனி, ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒன்று என்று ஐதாகப் பரவியிருந்தால்கூட, விமானம் எழும்ப முடியாத அளவுக்குத் தூக்குவிசையைக் கெடுத்துவிடலாம். உப்புத்தாள் போன்ற படிவு என்றால் தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையும், இழுவை 40 சதவீதம் வரை கூடும் என்பது விமானப் பயிற்சிகளில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதே தடிப்பான படிவு பெரிய ஜெட்டின் அகலமான இறக்கையைவிடச் சின்ன விமானத்தின் ஒடுங்கிய இறக்கையை மோசமாகத் தாக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு பொல்லாத விஷயம் இருக்கிறது. நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வரை, தரைக்கும் இறக்கைக்கும் இடையில் அமுங்கும் காற்று கொஞ்சம் கைகொடுக்கும். அதனால் பனி பிடித்த விமானமும் ஓடுபாதையை விட்டு எழும்பிவிடும். எழும்பிவிட்டது, சரி வந்துவிட்டது என்று நினைக்கும்போதுதான் அது மேலே ஏற மாட்டேன் என்று நிற்கும். அதற்குள் ஓடுபாதை முடிந்திருக்கும். வேகம் குறைந்தால் கத்த வேண்டிய எச்சரிக்கை ஒலியும் சுத்தமான இறக்கைக்குக் கணக்குப் பண்ணிப் பொருத்தியது, பனி பிடித்த இறக்கை அதற்கு முன்னமே கைவிட்டுவிடும். ஒரு இறக்கை வெயிலிலும் மற்றது ஹங்கரின் (விமானக் கொட்டகையின்) நிழலிலும் நின்றிருந்தால் இன்னும் மோசம், ஒரு பக்கம் தூக்கும், மறுபக்கம் தூக்காது, எழும்பிய கையோடு விமானம் சரியும்.

உறைபனி மட்டும்தானே, மெல்லியதுதானே என்பவர்கள் 2002 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் நடந்ததைத் தேடி வாசியுங்கள். இரவு முழுக்க வெளியில் நின்ற சலஞ்சர் 604 வகை தனியார் ஜெட். அன்று காலை அதே நிலையத்தில் மற்ற விமானங்களுக்குத் திரவம் அடித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். இதற்கு அடிக்கவில்லை. எழும்பிய உடனேயே இடப்பக்கம் சரிந்து விழுந்தது, உள்ளே இருந்த 5 பேரும் போய்விட்டார்கள். இதை நானே எடுத்துச் சொல்வதற்குக் காரணம், அங்கே எல்லா வசதியும் இருந்தது. வசதி இருந்தால் மட்டும் போதுமா என்று நீங்கள் என்னைக் கேட்பீர்கள் என்று தெரியும். போதாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, ஒரு சின்ன விமானத்தை விடியற்காலையில் சுத்தம் செய்வது எப்படி இருக்கும் என்று ஒட்டாவாவில் மேசையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

மேகம் இல்லாத இரவு. வானம் திறந்து கிடந்தால் இறக்கையின் சூடு மேலே போய்க்கொண்டே இருக்கும், உலோகம் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதனால் வெப்பமானி பூச்சியத்துக்கு ஓரிரு பாகை மேலே காட்டும் காலையிலும் இறக்கையில் உறைபனி இருக்கும். செஸ்னா 172இல் இறக்கை தலைக்கு மேலே. கீழே நின்று பார்த்தால் அடிப்பக்கம் பளபளவென்று இருக்கும், மேல்பக்கத்தில் என்ன இருக்கிறதென்று ஏறிப் பார்க்காமல் ஒருவனாலும் சொல்ல முடியாது. அரை இருட்டில் வெள்ளைப் பூச்சின் மேல் வெள்ளை உறைபனி, கைவிளக்கை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால்தான் மினுங்கும். கண்ணை நம்ப முடியாது என்பதால் கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவ வேண்டும். முன்விளிம்பில் தொடங்கி, மேலே எட்டுகிற வரைக்கும், அப்புறம் வால். விரல் மரத்துப்போன பிறகு சொரசொரப்பும் தெரியாது, அது இன்னொரு கூத்து.

ஸ்னோ விழுந்திருந்தால் மென்மையான தும்புத்தடி. அழுத்திக் கூட்டக்கூடாது, பூச்சு போகும், அன்ரெனா முறியும், அதோடு கட்டுப்பாட்டுப் பரப்புகளின் இடுக்குக்குள் ஸ்னோவைத் தள்ளிவிடவும் கூடாது. மேலே இருக்கிற தூள் போன பிறகு அடியில் ஒட்டியிருக்கிறதே ஒரு படை, அதுதான் ஆளைக் கொல்வது. ‘தூள்தானே, ஓடும்போது பறந்துவிடும்’ என்று சொல்பவர்கள் அடியில் ஒட்டிய அந்தப் படையைப் பார்த்ததே இல்லை. வடக்கில் பழைய ஆட்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று கயிற்றை இறக்கைக்குக் குறுக்கே போட்டு வாள் இழுப்பதுபோல முன்னும் பின்னும் இழுப்பார்கள். உறைபனிக்கு அது நன்றாக வேலை செய்யும், பனிக்கட்டிக்குச் செய்யாது.

அப்புறம் சுடுதண்ணீர். இன்றைக்கும் கேத்திலைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஊற்றும்போது அழகாக உருகும், உருகின தண்ணீர் இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஐலரோனின் பிணைச்சலுக்குள்ளும் வாலில் அசையும் எலிவேற்றருக்குள்ளும் இறங்கி அங்கேயே உறையும். எலிவேற்றருக்குள் தேங்கி உறைந்தால் அதன் சமநிலை போய் வேகத்தில் நடுங்கத் தொடங்கலாம். கார்க் கண்ணாடி கழுவுகிற நீலத் தண்ணீரை அடிப்பவர்களும் உண்டு. அது உறைபனியைக் கரைத்துவிட்டுத் தானும் ஆவியாகி மெல்லிய தண்ணீர்ப் படையை விட்டுப்போகும், அது மறுபடி உறையும். விமானக் கண்ணாடியோ கண்ணாடியே இல்லை, அக்ரிலிக். மதுசாரம் பட்டால் வெடிப்பு விடும், சுரண்டினால் கீறு விழும். வேகத்தை அளக்க உதவும் பிற்றோ குழாய், பக்கத்தில் இருக்கும் அழுத்தத் துளைகள், எரிபொருள் தொட்டியின் காற்றுத் துளை, புரொப்பெல்லரின் மூக்குக் கூம்புக்குள் போய் உட்காரும் ஸ்னோ, சில்லு மூடிக்குள் இறுகும் சேறு, இதெல்லாம் தனிப் பட்டியல்.

இறக்கைக்கு உறை போடலாம். இரவுக்கு முன்பே போட்டால் உறைபனிக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் ஈர இறக்கைக்கு மேல் போட்டால் உறையே ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், காற்றடிக்கிற நாளில் மைனஸ் 25இல் தனி ஆளாக அதைக் கழற்றிப் பாருங்கள் தெரியும். சூடான ஹங்கர் எல்லாவற்றையும்விட மேல். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: சூட்டோடு வெளியே இழுத்து ஸ்னோவுக்குள் விட்டால் விழுகிற ஸ்னோ உருகி, பிறகு இறக்கை குளிர்ந்ததும் அப்படியே கட்டியாகும். கதவைத் திறந்து ஆறவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். இதெல்லாம் பெரிய இரகசியம் இல்லை, உங்கள் கையேடுகளிலேயே பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் மேலே சொன்னதில் எதைச் செய்வதற்கும் ஒரு பொருளோ ஒரு இடமோ இன்னொரு ஆளோ வேண்டும்.

பெரிய நிலையங்களில் என்ன நடக்கிறது? ரொறன்ரோ பியர்சனில் அதற்கென்றே தனி இடம், வரிசையாக ரக்குகள். செம்மஞ்சள் நிற முதலாம் வகைத் திரவத்தைச் சூடாக்கி, குறைந்தது 60 பாகையில் அடித்துப் பனியைக் கழுவுவார்கள். ஸ்னோ விழுந்துகொண்டிருந்தால் அதற்கு மேல் பச்சை நிற நாலாம் வகை, கூழ்போலத் தடிப்பானது, விழுகிறதை உறைய விடாமல் தாங்கிப் பிடிக்கும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு ஆண்டுதோறும் நீங்களே அட்டவணை போடுகிறீர்கள், நல்ல அட்டவணை. ஆனால் அந்த நாலாம் வகை வேகமான விமானங்களுக்கானது, ஏறக்குறைய 100 நொட் வேகத்தில் காற்றோடு வழிந்து போகும்படி செய்தது. என் 172 எழும்புவது 55 நொட்டில். அதை அடித்தால் பாதித் திரவம் இறக்கையிலேயே இருக்கும், பனிக்குப் பதில் கூழ். மெதுவான விமானங்களுக்கென்று மூன்றாம் வகை ஒன்று இருக்கிறது, நான் போகும் இடங்களில் கண்ணால் கண்டதில்லை. ஆகச் சின்ன விமானத்துக்கு மிஞ்சுவது முதலாம் வகை. அதைச் சூடாக்க இயந்திரம் இல்லாத இடத்தில் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற கைப்பம்பில் நிரப்பிக் குளிரக் குளிர அடிப்பார்கள். ஸ்னோ விழும்போது அது தாங்குவது சில நிமிடங்கள். அதற்குள் எஞ்சினைச் சூடாக்கி, ஓடுபாதைக்குப் போய், எழும்ப வேண்டும். நடக்கிற காரியமா?

இனி ட்ரைடன், ஒன்ராறியோவின் வடமேற்கில் ஒரு சின்ன ஊர். உங்கள் அமைச்சில் இந்தப் பெயரை அறியாதவர் இருக்க முடியாது, ஆனால் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

1989 மார்ச் 10. எயார் ஒன்ராறியோவின் 1363ஆம் பறப்பு, ஃபோக்கர் எஃப்-28, தண்டர் பேயிலிருந்து ட்ரைடன் வழியாக வினிபெக். விமானத்தில் எஞ்சினைத் தொடக்கி வைக்கும் துணை இயந்திரம் பழுது. ட்ரைடனிலோ வெளியிலிருந்து தொடக்கிவைக்கும் கருவி இல்லை. எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்ப முடியாது. எஞ்சின் ஓடும்போது திரவம் அடிக்கக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. ஆகவே எஞ்சின் ஓட ஓட, பயணிகள் உள்ளே இருக்க, எரிபொருள் நிரப்பினார்கள். ஸ்னோ விழுந்துகொண்டிருந்தது. புறப்படப் போகும்போது, மோசமான காலநிலையில் இறங்க வந்துகொண்டிருந்த ஒரு சின்னச் செஸ்னாவுக்காகக் காத்திருக்கச் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் ஸ்னோ. பயணிகளில் வேறு விமானிகளும் இருந்தார்கள், இறக்கையைப் பார்த்தார்கள், முன்னால் இருப்பவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று இருந்துவிட்டார்கள். 69 பேரோடு எழும்பிய விமானம் ஓடுபாதையின் முனையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் மரங்களுக்குள் விழுந்தது. 24 பேர் இறந்தார்கள்.

நீதிபதி வேர்ஜில் மொஷான்ஸ்கியின் விசாரணைக் குழு 1992இல் கொடுத்த இறுதி அறிக்கையில் 191 பரிந்துரைகள். அந்த அறிக்கையில் எனக்குப் பிடித்தது, விமானியின் தவறு என்று ஒரு வரியில் முடித்துவிடாமல் அவரை அந்த மூலைக்குத் தள்ளிய எல்லாவற்றையும், நிறுவனத்தையும் உங்கள் அமைச்சையும் சேர்த்து, வெளியே இழுத்துப் போட்டதுதான். சங்கிலியைப் பாருங்கள்: ஒரு சின்ன நிலையத்தில் ஒரு கருவி இல்லை. அவ்வளவுதான் தொடக்கம். இறக்கையைக் கழுவத் திரவம் அங்கே இருந்தும் கழுவ முடியாத நிலை.

அதற்குப் பிறகு 2004 ஜனவரி 17, ஈரி ஏரியில் இருக்கும் பீலித் தீவு. பத்து இருக்கைக் கரவான் விமானம், வேட்டைக்குப் போனவர்களை வின்சருக்குத் திருப்பிக் கொண்டுவரப் புறப்பட்டது. அனுமதித்த எடையைவிடக் குறைந்தது 15 சதவீதம் கூடுதல் பாரம், கூடவே பனிக்கட்டி. ஏரியின் மேல் விழுந்தது, 10 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

அதற்கும் பிறகு 2017 டிசம்பர் 13. வட சஸ்காச்சுவானில் அத்தபாஸ்கா ஏரிக்கரையில் ஃபொன் டு லாக் என்ற முதற்குடி ஊர். ATR 42, அவ்வளவு சின்ன விமானம் இல்லை, ஆனால் நிலையம் சின்னது. இறங்கும்போதே இறக்கையில் பனிக்கட்டி பிடித்திருந்தது. 22 பயணிகள், 3 பணியாளர். எழும்பிச் சில நொடிகளில் காட்டுக்குள் விழுந்தது, பலருக்குப் படுகாயம், அவர்களில் ஒருவர் பின்னர் இறந்தார். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் அறிக்கையில் அந்த நிலையத்தில் இருந்த பனி நீக்கும் சாமான்களை எழுதியிருக்கிறார்கள். இரண்டு ஏணி, கையால் அடிக்கிற ஒரு தெளிப்பான், அதைச் சூடாக வைக்க ஒரு மின்போர்வை, ஒரு கொள்கலன் திரவம். அத்தனை பெரிய விமானத்துக்கு அது! அதுவும் அன்றைக்குப் பயன்படவில்லை, கட்டடத்துக்குள்ளேயே இருந்தது.

பாதுகாப்புச் சபை விசாரணை முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. தொலைதூர நிலையங்களில் பறக்கும் நூற்றுக்கணக்கான விமானிகளிடம் கேட்டுப் பார்த்தது. பனியோடு எழும்புவது ஒரு இடத்தில் ஒரு ஆள் செய்த காரியம் இல்லை, பல இடங்களில் வழக்கமாகவே நடக்கிறது என்பது தெரிந்ததும், 2018 டிசம்பரிலேயே உங்களுக்கு இரண்டு பரிந்துரைகளை அனுப்பியது. ஒன்று, நிறுவனங்களோடும் நிலையங்களோடும் சேர்ந்து எங்கெங்கே போதிய கருவி இல்லை என்று கண்டுபிடித்து அவசரமாகச் சரிசெய்யுங்கள். மற்றது, 602.11ஐ ஆட்கள் கடைப்பிடிக்க வழி செய்யுங்கள். ட்ரைடனுக்கும் இதற்கும் நடுவில் கிட்டத்தட்ட 30 ஆண்டு. இரண்டுக்கும் ஒரே மூலம்: சின்ன நிலையம், இல்லாத கருவி, போயே ஆக வேண்டும் என்ற நெருக்கடி.

அந்த நெருக்கடியை நகரத்தில் இருந்துகொண்டு விளங்கிக்கொள்வது கஷ்டம். ஒன்ராறியோவின் தூர வடக்கில் மாகாணப் போக்குவரத்து அமைச்சு நடத்தும் 29 நிலையங்கள் இருக்கின்றன. பெரும்பாலான ஊர்களுக்கு ஆண்டு முழுக்கப் போகும் தெருவே இல்லை, குளிர்காலத்தில் சில வாரங்களுக்கு உறைந்த பாதை, மற்றபடி விமானம்தான். பிள்ளைப்பேறு, டயாலிசிஸ், பல்வலி, எல்லாவற்றுக்கும் சூ லுக்கவுட்டுக்கோ தண்டர் பேக்கோ பறக்க வேண்டும். ஒரு கரவானோ பிலாட்டஸோ இறங்குகிறது, நோயாளி காத்திருக்கிறார், வெளிச்சம் போகிறது, இறக்கையில் மெல்லிய பனிக்கட்டி. விதிப்படி அங்கேயே நிற்க வேண்டும். எங்கே நிற்பது? ஹங்கர் இல்லை, விமானிக்குப் படுக்க இடம் இல்லை, திரவம் வர இன்னொரு விமானம் வேண்டும். இந்த இடத்தில் விதிப் புத்தகத்தைக் காட்டி ‘நீ போயிருக்கக்கூடாது’ என்று சொல்வது ஒட்டாவாவிலிருந்து சுலபம். போகாமல் இருப்பதற்கு அவனுக்கு ஒரு வழியைக் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் ஒருகாலத்தில் சில வகைப் பறப்புகளில் உறைபனியைத் தேய்த்து வழுவழுப்பாக்கிவிட்டு எழும்பலாம் என்று விதியிலேயே இடம் இருந்தது. எவ்வளவு தேய்த்தால் போதும் என்று அளக்க ஒரு வழியும் இல்லாமல்! 2010 ஜனவரியில்தான் அதை எடுத்தார்கள். நம்முடைய விதி அந்த விதத்தில் சுத்தம், ஆனால் அந்தச் சுத்தம் விதிப்புத்தகத்தோடு நிற்கிறது.

நான் கேட்பது இதுதான். எந்த நிலையத்தில் எந்த எரிபொருள் கிடைக்கும் என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்கிறோம். அதே மாதிரி எங்கே ஏணி இருக்கிறது, அது எந்த உயரத்துக்கு எட்டும், எங்கே சூடாக்கிய திரவம், எங்கே வெளிச்சம், எங்கே ஒரு இரவுக்கு ஹங்கர், எத்தனை மணிக்கு ஆள் வருவார் என்று நிலையம் நிலையமாக ஒரு பட்டியல் பொதுவில் வேண்டும். அந்தத் திரவச் சூடாக்கி பழுதென்றால், ஓடுபாதை விளக்கு அணைந்தால் எப்படி நோட்டம் (NOTAM, விமானிகளுக்கான அறிவித்தல்) போடுகிறீர்களோ அப்படியே அதற்கும் போடுங்கள். விமானி புறப்படும் இடத்திலேயே முடிவெடுக்கட்டும், போய் இறங்கிய பிறகு மாட்டிக்கொள்ளாமல்.

காசு? சின்ன நிலையங்களுக்கான மூலதன உதவித் திட்டம் 1995இலிருந்து உங்களிடம் இருக்கிறது. ஓடுபாதை போடவும் ஸ்னோ தள்ளும் வண்டி வாங்கவும் அதில் கொடுக்கிறீர்கள். ஓடுபாதையில் கிடக்கும் ஸ்னோவைத் தள்ளக் காசு இருக்கிறது என்றால், இறக்கையில் கிடப்பதைத் தள்ளுவதையும் அதே வரிசையில் வையுங்கள். திட்டத்துக்குள் வராத குட்டி நிலையங்களுக்குத் தனியாக ஒரு சின்னத் தொகுப்பு: வால் உயரத்துக்கு எட்டும் சறுக்காத ஏணி, நகர்த்தக்கூடிய விளக்கு, சூடாக்கித் தெளிக்கும் ஒரு சின்ன இயந்திரம், உறைகள். இவை ஒரு ஸ்னோ வண்டியின் விலைக்குப் பக்கத்திலும் வராது. கிளைக்கோல் ஓடைக்குள் போகும், தண்ணீரில் இருக்கும் ஒட்சிசனை உறிஞ்சும் என்று ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புத்தான். அதற்காகத்தான் ஹங்கரையும் சூடான காற்று ஊதும் இயந்திரத்தையும் சேர்த்துக் கேட்கிறேன். அவற்றில் கழுவி வழிவதற்கு ஒன்றும் இல்லை, வருகிற தண்ணீரைத் துடைத்தெடுத்தால் போதும்.

இப்போது பர்மிங்ஹாம் கேள்வி. வசதி இருந்தும் செய்யாதவர்களை என்ன செய்வது? அங்கே வேண்டியது, புறப்படுவதால் ஒரு சல்லிக்கும் இலாபமோ நட்டமோ இல்லாத ஒரு ஆள் இறக்கையைத் தொட்டுப் பார்ப்பது. தொலைதூர நிலையங்களில் ஓடுபாதையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் எப்படியும் இருக்கிறார். அவருக்குப் பயிற்சி கொடுங்கள், ‘இறக்கையில் இருக்கிறது’ என்று சொல்லும் உரிமையை எழுத்தில் கொடுங்கள், சொன்னதற்காக அவர் மேல் எந்த நிறுவனமும் பாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயணிகளுக்கும் சொல்லுங்கள். இருக்கைப் பட்டி எப்படிப் போடுவது என்று சொல்கிற அந்த இரண்டு நிமிடத்தில், இறக்கையில் வெள்ளையாக ஏதும் கண்டால் கையை உயர்த்துங்கள் என்று ஒரு வரி சேர்க்க என்ன செலவு? ட்ரைடனில் பார்த்தவர்கள் இருந்தார்கள், சொன்னால் தப்பில்லை என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கழகங்களுக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்கும் தனியாக ஒன்று. இரண்டு மணித்தியால முன்பதிவில் ஒரு மாணவன் வருகிறான். முக்கால் மணித்தியாலம் பனி துடைப்பதிலேயே போகிறது. அடுத்த ஆள் வாசலில் நிற்கிறான். இப்படி ஒரு நாளில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பள்ளியில், வாலில் மிச்சம் இருக்கிறது என்று சொன்ன மாணவியிடம் ‘ஓடும்போது போய்விடும், ஏறு’ என்று பயிற்சியாளர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்தப் பிள்ளை ஏறவில்லை, அன்றைய பாடம் போனது, பறப்பை ரத்துச் செய்ததற்கான கட்டணத்தையும் அவளிடம் வாங்கினார்கள். எனக்குக் கோபம் பயிற்சியாளரைவிட அந்தக் கட்டணத்தின் மேல்தான் வந்தது. நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரைக்கும் முன்பதிவை நீட்டுங்கள், துடைக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பனிக்காக ரத்துச் செய்தால் ஒரு சதமும் வாங்கக்கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். 2023 நவம்பரில் பட்டன்வில் விமான நிலையத்தை மூடிய பிறகு மார்க்கம் பக்கத்துப் பிள்ளைகள் விடியற்காலையில் ஒரு மணித்தியாலம் காரோட்டிப் போய்ப் பழகுகிறார்கள். அவ்வளவு தூரம் போய்விட்டுச் சும்மா திரும்புவதா என்ற எண்ணம் இயல்பாகவே வரும். அதற்கு மேல் நீங்கள் ஒரு தண்டமும் வைக்க வேண்டாம்.

தாய் தகப்பன்மாருக்கு: பள்ளியில் எத்தனை விமானம், மணித்தியாலம் என்ன விலை என்று கேட்கிறீர்கள். இரவில் அவை ஹங்கருக்குள் நிற்கின்றனவா வெளியிலா, உறை இருக்கிறதா, பனிக்காக ரத்தானால் யார் காசு என்று மூன்று கேள்வியையும் கூடக் கேளுங்கள். பதில் சொல்பவரின் முகத்தையும் பாருங்கள்.

அமைச்சிடம் முதலில் ஒரே ஒரு பதில் வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. 2018இல் பாதுகாப்புச் சபை கேட்டது கருவி போதாத இடங்களின் பெயர்களை. ஒன்ராறியோவின் அந்த 29 நிலையங்களில் இன்றைக்கு, இந்தக் கிழமை, வேலை செய்யும் நிலையில் என்ன இருக்கிறது என்பதை நிலையத்தின் பெயரோடு, ஏணியின் உயரத்தோடு, தெளிப்பானைச் சூடாக்க முடியுமா இல்லையா என்பதோடு ஒரு பக்கத்தில் வெளியிடுங்கள். ஒன்றும் இல்லாத இடத்தில் ‘ஒன்றும் இல்லை’ என்றே எழுதுங்கள், அதுவும் விமானிக்கு உதவும். வடக்கில் செப்டெம்பர் கடைசியிலேயே உறைபனி படியத் தொடங்கிவிடும், அதற்கு முன் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒன்ராறியோவிலிருந்து ஒரு சின்ன விமானத்தின் கால் பங்குக்காரன்